கேட்டவளும் வாசித்தவளும்

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், என் அறைத்தோழி தன் காதிலிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள். உள்ளே ஒரு குரல் ஆங்கிலத்தில் பேசியபடி ஓடியது. மதகு திறந்ததும் வாய்க்காலில் பாயும் தண்ணீர்போல, நிற்காமல், மூச்சு வாங்காமல். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. அவளோ சுவரில் சாய்ந்து, பாட்டுக் கேட்பவளைப்போல மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பாடங்களை அவளுடைய போன்தான் அந்தக் குரலில் அவளுக்கு வாசித்துக் காட்டும். குமுளிக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்து வீடு. நான் கொல்லங்கோட்டில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் முதுகலை வரலாறு, ஒரே விடுதி அறை. பாடத்தைப் படித்தால் எனக்குப் புரியும். ஆனால் அதே ஆங்கிலத்தை ஆசிரியர் பேசும்போது அது ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழையாகிவிடும். யாராவது என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். முதல் பருவம் முடிவதற்குள் அப்பாவிடம் போனில் அழுதுவிட்டேன்.

“முடியலீன்னா வந்துரு கண்ணு. ஆரு என்ன சொல்லப் போறாங்க?” என்றார் அப்பா.

பெட்டியைக் கட்டிவிடலாம் என்று நான் நினைத்திருந்த அந்த வாரத்தில்தான் அவள் என்னிடம் ஓர் உதவி கேட்டாள். பழைய புத்தகங்களின் நகல்களில் யார் யாரோ கோடு போட்டிருந்தார்கள். அவளுடைய போன் அவற்றைப் படிக்க முடியாமல் திணறியது. நான் வாசித்தால் பதிவு செய்துகொள்வாளாம்.

“எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமுங்க. வாயில வராதுங்க,” என்றேன், தோழிக்கும் ‘ங்க’ போடும் எங்கள் ஊர் வழக்கப்படி.

“நீ எப்படி வாசிச்சா என்ன? எனக்குக் கேக்கத்தான வேணும்.”

அப்படித்தான் அந்தச் சாயங்காலங்கள் தொடங்கின. ஜன்னலுக்கு அப்பால் மலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். சில சமயம் என் குரல் எனக்கே யாரோ தூரத்தில் பேசுவதுபோலத் தோன்றும். ஒருநாள் ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றிப் பக்கம் பக்கமாக ‘கொலோனல், கொலோனல்’ என்று வாசித்துக்கொண்டு போனேன். அவள் கையை உயர்த்தினாள்.

“யாருட்டி அது, கொலோனல்?”

அவர்கள் பக்கம் தோழிகளுக்குள் ‘ட்டி’ போட்டுத்தான் பேசுவார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவற்றை வாய்க்குள் கூட்டிப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அட, கர்னலு! அத இப்படியா எழுதுதாங்க?” சிரிப்பு என்னையும் தொற்றிக்கொண்டது. அவளுக்கு ஒலி தெரியும், எழுத்துத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியும், ஒலி தெரியாது. ஒரே மொழியின் பாதியை அவளும் மீதியை நானும் வைத்துக்கொண்டு அத்தனை நாள் ஓர் அறையில் தூங்கி எழுந்திருக்கிறோம்.

அதன் பிறகு வகுப்பில் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஆசிரியர் சொன்னதை அவள் அறைக்கு வந்ததும் ஆங்கிலத்திலேயே மெதுவாகத் திருப்பிச் சொல்வாள். போன் குரலின் வேகத்தை எனக்காகக் குறைத்து வைத்து, நான் பழகப் பழகக் கூட்டிக்கொண்டே போனாள். மழையாக இருந்தது மெல்ல மெல்லச் சொற்களாகப் பிரிந்தது.

இருந்தாலும் கருத்தரங்கில் பேச என் முறை வந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பாசனக் கால்வாய்கள்தான் என் தலைப்பு. பேசிவிடலாம். வெளியிலிருந்து வரும் பேராசிரியர் கேட்கும் கேள்வி புரியாவிட்டால் என்ன செய்வது?

“புரியலன்னா திருப்பிக் கேளு,” என்றாள் அவள். “நான் ஒரு நாளைக்கு எத்தன பேர்ட்ட எத்தன தடவ கேக்கேன்? யாராவது என்னைய அடிச்சாங்களா?”

பயந்தபடியே நடந்தது. பேராசிரியர் கேட்ட கேள்வி அப்படியே காற்றோடு போயிற்று. வழக்கமாக அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துவிடுவேன். அன்று, “சார், ஒன்ஸ் மோர் ப்ளீஸ்,” என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நிறுத்தி நிதானமாகக் கேட்டார். கால்வாய் வெட்டியதில் பெண்களுக்கு என்ன பங்கு இருந்தது என்பதுதான் கேள்வி. கூடையில் மண் சுமந்த எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி வீட்டில் கேட்டிருந்ததைச் சொன்னேன். வினைச்சொல்லில் காலம் தப்பியது, வாக்கியம் நொண்டியது, ஆனாலும் நிற்காமல் சொல்லி முடித்தேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரிசையில் அவள் முகத்தைச் சற்றே சாய்த்து, மலையில் எங்கோ தூரத்தில் விழும் அருவியைக் கேட்பவள்போல உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் குமுளிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். நான் கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் நாளெல்லாம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருவரும் போனில் பேசுவோம், முழுக்க முழுக்கத் தமிழில். போன வாரம் நடுவில் அவளுடைய அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

“ஏம்மா, எம் மக உங்க ஊர்ப் பேச்சால்ல பேசுதா! நேத்து என்னையவே ‘வாங்க, உக்காருங்க’ங்கா. யாரோ விருந்தாளி வந்திருக்காகன்னு திரும்பிப் பாத்தேன்.”

“இங்க மட்டும் என்னவாம்?” என்றேன். “நான் ‘கேக்கேன், பேசுதேன்’னு பேசுறதக் கேட்டு எங்கப்பா முழிக்கிறாருட்டி.”

சொன்ன பிறகுதான் அவளுடைய அம்மாவையே ‘ட்டி’ போட்டுவிட்டோம் என்று உறைத்தது. மறுமுனையில் தாயும் மகளும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் அடங்க வெகுநேரமாயிற்று.