நண்டுக் கறிக்குப் பிறகு பார்த்த ருசி

லுசேர்ண் ஸ்டேஷன். ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர் யோகன், வீட்டில் தானே செய்த மில்க் ஸ்டவுட் என்னும் கறுப்பு பீரைக் கோப்பையில் ஊற்றித் தருகிறார். இதில் பால் சர்க்கரை சேர்க்கிறார்கள். பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் அதைத் தின்னாது. போட்ட இனிப்பு போட்டபடியே நிற்கும்.

போன மாதம் அவர் வீட்டில் அந்த இனிப்புக்கு அளவு சொன்னவன் நான். நண்டுக் கறி தின்று நாக்கு எரிந்துகொண்டிருந்த நேரம். “இன்னும் கொஞ்சம்” என்றேன். போட்டார். “இன்னும்” என்றேன். அதையும் போட்டார்.

இன்று ஒரு வாய் குடிக்கிறேன். பீர் இல்லை இது, பாயசம்.

“எப்பிடி அண்ணை?”

“நல்லா இருக்கு.”

அவர் முகம் மலர்கிறது. “இனிப்புக் கூடிப்போச்சு எண்டு வீட்டில என்ர மனிசி ஒரே சண்டை. அண்ணை ருசி தெரிஞ்ச ஆள், அவர் சொன்ன அளவு பிழைக்காது எண்டு சொல்லிப்போட்டன். நாளைக்கு எங்கட ஷெஃப்புக்கும் ரெண்டு போத்தல் குடுக்கப்போறன்.”

காது சுடுகிறது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கிறேன். அதற்குள் மீதியையும் என் கோப்பையில் ஊற்றிவிடுகிறார்.

குடிக்கிறேன்.