தம்பியின் போகி மேளம்

பெரியப்பா மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அவர் நெருப்பில் போட்டது போகிக்குப் பிள்ளைகள் தட்டும் வெறும் விளையாட்டு மேளம்தானே என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சமாதானம் சொல்கிறார்கள்.

பழவேற்காட்டுப் பாலம் தாண்டிக் கடலோரத்தில் எங்கள் குப்பம். தம்பிக்கு அப்போது ஆறு வயது. டவுன் சிண்ட்ரோம். நாம் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரியும். பதிலுக்கு வாயில் சொல் வராது. ஊமை என்று ஊரே பெயர் வைத்தாயிற்று. பொன்னேரியில் அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சர்தான் மார்கழி பிறந்ததும் ஒரு வழி சொன்னார். "பண்டிக வருதுல்ல, போகி மேளம் வாங்கிக் குடுங்க. 'அம்'முக்கு ஒரு அடி, 'மா'வுக்கு ஒரு அடி. அடிச்சிக்கினே சொல்லட்டும்."

அந்த வேலை ஒன்பது வயதுக்காரியான என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அடிப்பேன், அவன் அடிப்பான். ஒரு மாதத்தில் அம்மா வந்தது, அக்கா வந்தது, மீனு வந்தது. அப்பாவை நாங்கள் கூப்பிடும் 'நைனா' மட்டும் வரவில்லை. பெரியப்பாவின் படகில் கடலுக்குப் போய்த் திரும்பும் நைனா தினமும் அவன் எதிரில் உட்கார்ந்து, "இன்னாடா, என்ன எப்ப கூப்புடுவ?" என்று கேட்பார். போகிக்குள் கூப்பிட வைத்துக் காட்டுகிறேன் என்று நான் சபதமே போட்டிருந்தேன்.

போகியன்று விடியற்காலை பழைய பாயும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன. தெருப் பிள்ளைகளோடு தம்பியும் மேளத்தை அடித்து, நைனாவைப் பார்த்து "நை... நை..." என்று திணறினான். இன்னும் ஒரே ஓர் அடி. அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். தை பிறந்ததும் அவர் மகளைப் பெண் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அவர்களுடைய உறவுக்காரர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

"குடும்பத்துல இப்டி ஒண்ணு கீதுனு ஊருக்கே தம்பட்டம் அடிக்கிறீங்களா? அப்புறம் எம் பொண்ண எவன் கட்டுவான்?"

மேளத்தைப் பிடுங்கி நெருப்பில் வீசினார். நான் பாய்ந்து அவர் கையைக் கடித்தேன். அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நீயெல்லாம் இன்னா ஆம்பள!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.

அதோடு தம்பி வாயை மூடிக்கொண்டான். வந்த மூன்று சொல்லும் போயின. மறுநாள் எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கூவியபோது காதைப் பொத்திக்கொண்டான் பாவம்.

பொங்கல் கழிந்தும் நைனா கடலுக்குப் போகவில்லை. விடிவதற்கு முன்னால் பஸ் பிடித்து மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கப் போனார். அண்ணனுக்குப் பயந்து கடலையே விட்டுவிட்டார் என்று நான் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் கம்பெனியில் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துத் தம்பி முன்னால் வைத்தார். "அட்ரா கண்ணு" என்றார். அவன் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு உள்ளங்கையால் ஓர் அடி. இன்னோர் அடி.

"நை... னா."

நைனா தேம்பித் தேம்பி அழுதார். ஒரு மேளம் வாங்கித் தர வக்கில்லை என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மேளம் எரிந்த அந்தப் போகியன்று சாயங்காலமே அவர் பெரியப்பா வீட்டுக்குப் போய், "எம் புள்ள வாய அடச்சவன் படகுல இனிமே கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அம்மா இதை எனக்குச் சொன்னபோது எனக்கு இருபது வயது. கடலைத் தவிர வேறு வேலை தெரியாத மனுஷன். அவரைப் பார்த்துத்தான் 'நீயெல்லாம் இன்னா ஆம்பள' என்று கேட்டேன்.