கிணற்றைப் பற்றி இரண்டு நிமிடம்

போன மாதம் பரளச்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் கயல்விழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கயல்விழி அருப்புக்கோட்டை கோர்ட்டில் வக்கீல். எல்.எல்.எம். படிக்க இங்கிலாந்தில் இடம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை… ஆங்கிலத் தேர்வில் தேறிக் காட்ட வேண்டும். மதுரைக்குப் போய் எழுதினாள். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் பிரமாதம். பேச்சில் மட்டும் மார்க் பத்தவில்லை. இன்னும் ஒரு தடவை எழுத நேரம் இருக்கிறது. அதிலும் கோட்டை விட்டால் சீட்டு போய்விடும்.

அவள் அப்பாவுக்கு, அதாவது என் மச்சானுக்கு, ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

"அஞ்சு வருசமா இங்கிலீசுலதான சட்டம் படிச்சா? திரும்ப எதுக்கு இங்கிலீசு தெரியுமான்னு கேக்குறாக? இதுல என்னமோ இருக்கு மாப்ள."

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் தேர்வின் மேல் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலைப் பேசியே மடக்குகிறவள், பேச்சில் எப்படித் தோற்றாள்?

"என்ன தாயி கேட்டாக?"

"அப்பா என்ன செய்றாகன்னு கேட்டாக. விவசாயம்னேன். அப்புறம், ஒங்க ஊர்ல தண்ணி இருக்குற எடம் ஒண்ணப் பத்தி ரெண்டு நிமிசம் பேசுங்கன்னாக."

"பேசுனியா?"

"ஒரு கெணறு இருக்கு, எங்கப்பாவோடது, அம்புட்டுதான்னுட்டேன்."

"மிச்ச நேரம்?"

"கேள்வி கேட்ட அந்தம்மா என்னையப் பாத்தாக. நான் அவுகளப் பாத்தேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார் மச்சான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பரளச்சி வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று யார் கேட்டாலும், 'ஏதோ கெடக்கு' என்பதுதான் பதில். நிறையக் கிடக்கிறது என்று தெரிந்தால் போதும்… பக்கத்து நிலத்துக்காரர் போர்வெல் போட வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். போதாக்குறைக்கு இவள் தொழில் வேறு. சாட்சிகளிடம் தினமும் சொல்வது என்ன? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கூட ஒரு வார்த்தை வேண்டாம்! முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து குடும்பத்தை விசாரித்தால் வாய் திறக்குமா?

"கூண்டுல ஏறுன சாட்சி மாதிரியே இருந்துட்டேன் மாமா." அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. "இந்தத் தடவ எல்லாத்தையும் கொட்டிட்டு வாரேன்."

கொட்டிவிட்டுத்தான் வந்தாள். இந்த முறை வீட்டைப் பற்றிக் கேட்டார்களாம். வாசல் வேப்பமரம், ஆடுகள், அக்காவின் கோபம், கடைசியில் கிணறு… தேர்வாளர் போதும் என்கிற வரைக்கும் பேசியிருக்கிறாள்.

முந்தாநாள் நான் அங்கே இருக்கும்போதே ரிசல்ட் வந்தது. தேறிவிட்டாள்!

அக்கா எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். மச்சான் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தார்.

"கெணத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்ப்பா."

"தண்ணி எவ்வளவு கெடக்குன்னுமா?"

"ஆமாப்பா."

மச்சான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"இருக்குறதுல பாதிதான் சொன்னேன்" என்றாள் கயல்விழி.

அதற்குப் பிறகுதான் லட்டு மச்சானின் வாய்க்குள் போனது.

சட்டம் படிக்க இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?