தலைக்கு மட்டும்

என் வீட்டுக்காரருக்கு நாற்பது வயதிலேயே நரைத்துவிட்டது. அது எனக்கும் அவருடைய தலையணை உறைக்கும் மட்டும்தான் தெரியும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி மெடலைக் குத்திக்கொண்டு அணிவகுப்புக்குப் போவார். அதற்கு முன்னால் டை. கிறிஸ்துமசுக்கு முன்னால் டை. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், பத்திரிகை வைத்தவர் வாசற்படி இறங்குவதற்குள் டை. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக் குளியலறைச் சுவரில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

டை அடிப்பது முழுக்க என் வேலை. கலக்குவதற்கு என்று ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வைத்திருந்தேன்; இரும்புப் பாத்திரத்தில் கலக்க மாட்டேன். புது டியூப் வாங்கினால், முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்ப்பேன். அரிப்பு, சிவப்பு எதுவும் இல்லை என்றால்தான் தலைக்கு. நெற்றி ஓரத்திலும் காதிலும் தேங்காய் எண்ணெய் தடவுவேன், தோலில் கறை பிடிக்காது. பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் விட மாட்டேன். இவ்வளவையும் முனகிக்கொண்டேதான் செய்தேன். முனகலை அவர் கவனித்ததே இல்லை. மீசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கண்ணாடியைத்தான் கவனிப்பார்.

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கப் போவார். கூட ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் ஒரு மளிகைக் கடைக்காரரும் வருவார்கள். அவர்களிடம், "எங்க வம்சத்துக்கே நரை கெடையாது. எங்கப்பா சாவும்போதுகூட முடி கருகருன்னு இருந்துச்சு" என்று சொல்லி வைத்திருந்தார். என் மாமனாரை நான் பார்த்திருக்கிறேன். தலை பஞ்சு மாதிரி இருக்கும்.

சுனாமி வந்து போன ஓரிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவருக்குக் குடலிறக்கம் என்று தெரிந்தது. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். குடல் அங்கேயே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். எங்களுக்கு ஒரே மகன். பாரிசில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. எத்தனையோ தடவை போன் செய்து முதலாளியைக் கெஞ்சி, அப்பாவின் ஆபரேஷனுக்காக லீவு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவன் இருக்கும்போதே முடித்துவிடவேண்டும் என்று நாள் குறித்தோம். எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்காரும் தைரியம் எனக்குக் கிடையாது. அதை எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும். மீன் அரிந்துகொண்டிருந்தேன். அடுப்பங்கரைக்கே வராத மனுஷர் வந்து பக்கத்தில் நின்றார்.

"இந்தா பாரு, ஆபரேஷன்னா கீழ துணி இருக்காதில்ல?"

"இருக்காது."

"எங்கூட நடக்க வர்ற வாத்தியாரு மருமவன் அந்த ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்லதான் வேல செய்யறான்."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்ச பையன், நல்லா பாத்துப்பான்."

"பாப்பான்ல, அதான் பிரச்சன. மேல கருப்பு, கீழ வெள்ள. நேரா போயி மாமனாருகிட்ட சொல்லிடுவான்."

முதலில் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. டை அடிக்கும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே வரச் சொல்கிறார் என்று புரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவன் தெனமும் எத்தினி பேரப் பாக்கறான். யாருது என்ன கலருன்னு எழுதியா வெச்சுக்கப் போறான்? அங்கெல்லாம் டை போடக்கூடாதுங்க. தோலு மெல்லிசு, வெந்துடும். அவ்ளோ வெக்கமா இருந்தா கத்திரிக்கோலால ஒட்ட வெட்டிக்கிங்க."

"வெட்டினாலும் வெள்ள வெள்ளதான?"

உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். மகனிடம் சொல்லி பாரிசிலிருந்து வரவழைத்த டை. தலைக்கு என்று நினைத்துத்தான் பாவம் அவன் வாங்கி வந்தான். எனக்கு பிரெஞ்சு படிக்க வராது. என்ன போட்டிருக்கிறது, படியுங்கள் என்றேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்து விடாமல் படித்து, தமிழிலும் சொன்னார். தலைமுடிக்கு மட்டும். இரண்டு நாள் முன்னால் முழங்கை உட்பக்கத்தில் தடவிப் பார்க்கவும். புருவம், இமை, உடம்பில் வேறெங்கும் பயன்படுத்தக்கூடாது. காயம் பட்ட தோலில் படக்கூடாது.

"அப்பறம் என்ன?" என்றேன்.

"இதெல்லாம் வெள்ளக்காரனுக்காக எழுதினது. அவன் தோலு வெத்தல மாதிரி. நம்ம தோலு பட்டாளத்துல ஆப்பிரிக்கா போயி ஜிபூத்தி வெயில் பாத்தது."

இந்த மனுஷரை என்ன செய்வது? உள்ளூர்க் கடையில் வாங்கிய டையை அவர் நம்பமாட்டார். நான் பொட்டு வைத்துப் பார்க்கும்வரை பக்கத்தில் விடமாட்டார். பிரான்சிலிருந்து வந்த சாமான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாயில்கூடப் போட்டுக்கொள்வார். அந்த பிரான்சுக்காரனே செய்யாதே என்று எழுதியிருந்தால், அது மட்டும் தனக்கில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது, பென்ஷன் வருகிறது, அந்த நாட்டுத் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறார், எச்சரிக்கைக்கு மட்டும் வேற்று நாட்டுக்காரர் ஆகிவிடுகிறார். பெட்டியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அங்கே வைத்தால் தெரியாது என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் காலாப்பட்டில் இருக்கும் சிநேகிதனைப் பார்க்கப் போயிருந்தான். நான் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாடியில் தண்ணீர் ஓடும் சத்தம். குளியலறைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"என்ன வாசன அது?"

"ஒண்ணுமில்லன்றேன்ல."

அம்மோனியா நாற்றத்தோடு கொலோன் சென்ட் வாசனை. எங்கள் வீட்டில் எதற்கும் கொலோன்தான். தலைவலித்தால் கொலோன், கொசு கடித்தால் கொலோன். கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினேன். திறந்தார். இடுப்பில் துண்டு, கால்களை அகட்டிக்கொண்டு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது.

ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். முதலில் ஓரமெல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்று சவரக் கத்தியால் இழுத்திருக்கிறார். அந்தப் பச்சைத் தோலின் மேல் டை. எண்ணெய் தடவவில்லை. அங்கே முடி தடிப்பு, பிடிக்காது என்று, பெட்டியில் போட்டிருந்த நேரத்துக்கு மேலேயே விட்டு, ரேடியோவில் செய்தி கேட்டிருக்கிறார். எரிய ஆரம்பித்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்திருக்கிறார். தேய்த்ததும் இன்னும் எரிந்திருக்கிறது. அதற்குத்தான் கொலோன். செய்யக்கூடாது என்று இருப்பதில் எதையாவது விட்டுவைத்திருக்கிறாரா என்று தேடினேன். எதையும் விடவில்லை.

பச்சைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். சோப்பு கிடையாது, தேய்ப்பு கிடையாது. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, தளர்வாக வேட்டியைச் சுற்றி, ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்தேன். வாய் மட்டும் ஓயவில்லை. அன்றைக்கு நான் திட்டியதை எல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அது அவருக்கு எவ்வளவு வலி என்று எனக்குக் காட்டியது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் வீங்கி, கொப்புளம் வைத்து, நீர் கசிந்தது. டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"வேர்க்குரு டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "வேர்க்குரு கருப்பா இருக்காதே ஐயா."

நான் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், சிரிக்காமல் கேட்டுக்கொண்டதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். தலைக்குப் போடும் டையை அந்த இடத்தில் போடவே கூடாது, உள் தோலில் பட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றார். இந்தத் தோல் ஆறும்வரை அதன் மேல் கத்தி வைக்க முடியாது, கிருமி உள்ளே போய்விடும் என்றார். ஒரு தடவை இப்படி ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம், அதனால் இனிமேல் தலைக்கும் வேண்டாம் என்றார். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்பவர் மாதிரி கேட்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி அங்க இருக்கற முடிய நாங்களே எடுத்துடுவோமே. அதுக்கு எதுக்குங்க கலர்?"

என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மீனை அரியும்போதே சொல்லியிருப்பேன்.

மகனின் லீவு முடிந்துவிட்டது. போன் செய்து கேட்டான், முதலாளி லீவை நீட்டிக்க மாட்டேன் என்றுவிட்டார். சென்னைக்குக் கார் ஏறும்போது, "நான் வாங்கிட்டு வந்ததாலதானம்மா" என்றான். இல்லப்பா என்றேன். கார் திரும்பியதும் உள்ளே வந்து அவரிடம், "பாத்தீங்களா" என்று மட்டும் கேட்டேன். மேற்கொண்டு பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அதன் பிறகு அவர் இருமினாலே அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். தோல் ஆறுகிறவரை ஒவ்வொரு நாளும் வீக்கம் உள்ளே போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நல்லவேளை, ஒன்றும் சிக்கிக்கொள்ளவில்லை. ஆபரேஷன் அன்று தியேட்டர் கதவு மூடியதும், வராந்தா பெஞ்சில் ஜெபமாலையோடு நான் ஒருத்திதான். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, உள்ளே மயக்கத்தில் படுத்திருக்கும் மனுஷரை எழுப்பி இன்னொரு தடவை திட்டவேண்டும்போல இருந்தது. திட்டுவதற்கு அவர் பத்திரமாக வெளியே வந்தால் போதும் என்றும் இருந்தது.

வந்தார். அதற்குள் டை இல்லாமல் தலை முக்கால்வாசி வெள்ளையாகிவிட்டது. வீட்டுக்கு வந்த மறுவாரம் தலைமையாசிரியரும் மளிகைக் கடைக்காரரும் ஆப்பிளோடு பார்க்க வந்தார்கள். தொப்பி போட்டுக்கொள்ள அவர் தேடினார், கிடைக்கவில்லை.

"என்ன சொல்தா, ஒரே மாசத்துல இப்பிடி நரைச்சுட்டியே" என்றார் தலைமையாசிரியர்.

"ஆபரேஷன் பயம்" என்றார் இவர். கூசாமல் சொன்னார்.

"பயம் மட்டும் இப்பிடி ஆக்காதே. வீட்ல எதாவது கவலையா?" என்று கேட்டுவிட்டு மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் இல்லை என்று சொல்வார் என்று காபித் தட்டோடு நின்றேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

தட்டை வைத்தேன். "கவலையும் இல்ல, பயமும் இல்ல. அவருக்கு நரைச்சு எத்தினியோ வருஷமாவுது. நான்தான் டை அடிச்சுவுட்டுட்டு இருந்தேன். இப்ப டாக்டர் வேணாம்னுட்டாரு."

யாரும் திடுக்கிடவில்லை. தலைமையாசிரியர் காபியை எடுத்து ஆற்றினார்.

"தெரியும்மா" என்றார். "மழயில நடந்தா காதோரமா வழியும். ஆரம்பத்துலருந்தே தெரியும். எங்க ரெண்டு பேருக்கும் அதே கததான், நாங்களும் டை அடிக்கறவங்கதான். அவரு சங்கடப்பட வேணாமேன்னுதான் ஒரே மாசத்துல நரைச்சுடுச்சான்னு கேட்டு வச்சோம்."

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கொப்புளத்தோடு படுத்திருந்தபோதுகூட அவருக்கு அப்படி வாடிப்போன முகத்தை நான் பார்த்ததில்லை.

"இத அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, என் புள்ள ஆபரேஷன் அன்னிக்கு எங்கூட இருந்திருப்பான்" என்றேன். அவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்று, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.