மஞ்சள் ஒயர் காணாமல் போன ஃபேக்ஸ்

காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வாசலில் 'டி.டி.பி. சென்டர்' என்று போர்டு தொங்கியது. தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் அது. ஆறு மாதம் கழித்து அதே போர்டின்மேல் 'மல்டிமீடியா' என்று ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினார்கள். உள்ளே மாறியது ஒன்றுதான். முதலாளி மரநாற்காலியைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சக்கரம் வைத்த நாற்காலி வாங்கினார். எழுந்து நடக்கிற வழக்கமே அத்தோடு நின்றுபோனது. காலால் உந்தி உந்தி இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் உருண்டுகொண்டே இருப்பார். மல்டிமீடியா என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நானும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். தமிழ் டைப்பிங் மட்டும் வேகமாக வரும். சேர்ந்த அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார். "இத பாரு அம்மணி, டிகிரி முடிச்சவங்க கீழ படிக்கட்டுல வரிசையா நிக்கறாங்க. உனக்கு எடம் குடுத்திருக்கறேன். பார்ட்டிகிட்ட இருந்து ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னு வை, அன்னைக்கே ஊட்டுக்குப் போயிக்கலாம்."

எனக்கு இயல்பிலேயே பயம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை போனவள் திரும்பி வந்து பார்த்த கதையெல்லாம் உண்டு. அப்படிப்பட்டவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அன்றிலிருந்து அந்த ஒரே ஒரு கம்ப்ளெய்ன்ட் எந்த உருவத்தில் வரும் என்பதுதான் என் சிந்தனை முழுக்க. அந்த வேலை போனால் எனக்கு வேறு இடம் கிடையாது. மில்லுக்குத்தான் போகவேண்டும், பஞ்சுத் தூசி எனக்கு ஆகாது.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு பம்ப்செட் கம்பெனியின் சின்ன முதலாளி ஒருநாள் வந்தார். வீட்டுப் போர்வெல்லுக்கென்று புதிதாக ஒரு மோட்டார் தயாரித்திருக்கிறார்கள். அதைப் பற்றிய விவரமெல்லாம் அச்சில் ஒரு புத்தகமாக வேண்டும், சிடியில் வேண்டும், இன்டர்நெட்டில் வேண்டும், கேபிள் டிவியில் ஓட வேண்டும், டீலர்களுக்கு ஃபேக்ஸில் போக வேண்டும். பம்பாய் எக்ஸிபிஷனில் யாரோ சிடி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதில் மோட்டார் சுற்றியதாம், பின்னால் மியூசிக் வந்ததாம்.

"நம்ம மோட்டாரும் அந்த மாதிரி சுத்தோணுங்க," என்றார்.

"சுத்த உட்ருவோமுங்க. அஞ்சையும் ஒரே வாரத்துல செஞ்சுபோடலாம்," என்றார் எங்கள் முதலாளி, பாதி சுற்று உருண்டு வந்து.

போர்வெல்லுக்குள் முந்நூறு அடி ஆழத்தில், கும்மிருட்டில், தண்ணிக்குள் முங்கிக் கிடக்கிற மோட்டார் அது. அது சுற்றுவதை உலகத்தில் ஒருத்தனும் பார்க்கப்போவதில்லை. அதற்குத்தான் மியூசிக்.

எங்கள் முதலாளியின் தொழில் ஞானம் மொத்தமும் கல்யாணப் பத்திரிகையில் வந்தது. தாமரை மொட்டு, தங்க பார்டர், உறவு முறைப்படி பெயர்கள். ஒரு பக்கத்தை அழகாக அடுக்கி முடித்துவிட்டால் வேலை முடிந்தது. பத்திரிகைக்கு அது சரிதான். ஒரே அளவுத் தாளில் அச்சாகி, கையில் பிடித்துப் படிக்கிறவர்களிடம்தான் அது போகும். மோட்டார் புத்தகத்துக்கும் அதையே செய்தார். பார்டர் கட்டி, படம் போட்டு ஒரு பக்கத்தை ஜோடித்து, அதை அப்படியே ஸ்கேன் செய்து, அந்தப் படத்தையே சிடிக்கும் இன்டர்நெட்டுக்கும் கேபிளுக்கும் ஃபேக்ஸுக்கும் அனுப்புவது. அவரைப் பொறுத்தவரை மல்டிமீடியா என்பது ஒரே தட்டை ஐந்து வீட்டுக்கு நீட்டுவது.

படமாக அனுப்ப ஒரு காரணமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அன்றைக்குத் தமிழ் எழுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு தினுசு. எங்கள் ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் கோழி கிளறியதுபோல் இருக்கும். படம் என்றால் எங்கேயும் அப்படியே தெரியும் என்பார். அப்படியே தெரியும்தான். ஆனால் எறும்பு அளவில் தெரிந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

நான் வேறு மாதிரி வைத்திருந்தேன். புத்திசாலித்தனம் ஒன்றும் கிடையாது, பயம். கரண்ட் போய் பக்கமெல்லாம் அழிந்துவிட்டால் என் தலைதானே உருளும். அதனால் அலங்காரத்துக்கு முன்பே விஷயம் முழுவதையும் வெறுமனே ஒரு ஃபைலில் அடித்து வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அது என்ன என்று எழுதிவிடுவேன்: இது தலைப்பு, இது எச்சரிக்கை, இது ஒயர் இணைப்பு, இது படத்தின் பெயர். எது எங்கே போகவேண்டும் என்றும் ஓரத்தில் குறித்தேன். கேபிளில் கண் சிமிட்டுகிற நேரம்தான் நிற்கும், தலைப்பும் போன் நம்பரும் போதும். ஃபேக்ஸில் எச்சரிக்கையும் ஒயரும் முதலில் வரவேண்டும், போட்டோ வேண்டாம், கரியாகத்தான் வரும். சிடிக்கு எல்லாமே போகட்டும், சுற்றுகிற மோட்டார் உள்பட.

அந்தப் புத்தகத்தில் உயிரான பக்கம் ஒயர் பக்கம்தான். மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் மேலே வரும், சிவப்பு, மஞ்சள், நீலம். அதை ஸ்டார்ட்டர் பெட்டியில் எந்தத் திருகில் மாட்டுவது என்று அந்தப் பக்கம் சொல்லவேண்டும். முதலாளி மூன்று நிறத்தில் மூன்று கோடு இழுத்து, கீழே 'படத்தில் உள்ள நிறப்படி இணைக்கவும்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிட்டார்.

"சார், ஃபேக்ஸ்ல கலர் வராதுங்களே," என்றேன்.

"ஃபேக்ஸ்ல என்ன வரும்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"இல்லீங்க சார். கோட்டுப் பக்கத்துல சிவப்பு, மஞ்சள், நீலம்னு பேரு எழுதிப்போட்டா…"

"மஞ்சளுக்குப் பக்கத்துல மஞ்சள்னு எழுதறதுக்கு எனக்கெதுக்கு கம்ப்யூட்டரு? சாக்பீஸ் போதுமே. டிசைன் கெட்டுப்போயிரும் அம்மணி. படிச்சவங்க பார்த்தா சிரிப்பாங்க."

'படிச்சவங்க' என்ற சொல்லை அவர் எனக்கென்றே வைத்திருந்தார். அதை எடுத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று தெரியும். மூடிக்கொண்டேன்.

ஐந்தும் தயாரானது. சிடியில் மோட்டார் சுற்றியது, வீணை வாசித்தது. பக்கம் திரையைவிடப் பெரிது, பாதிதான் தெரியும், மீதியை இழுத்து இழுத்துப் பார்க்கவேண்டும். இன்டர்நெட்டில் தங்க பார்டரின் மேல்பாதி வருவதற்குள் சின்ன முதலாளி காபி குடித்து முடித்திருந்தார். பார்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று காத்திருந்து பார்க்கவில்லை, "சூப்பருங்க" என்று எழுந்துவிட்டார். கேபிளில் ஓரம் வெட்டுப்பட்டு போன் நம்பரின் கடைசி எண் டிவி பெட்டிக்குள் ஒளிந்துகொண்டது. "அதனாலென்னங்க, டிவில வந்துருச்சில்ல," என்றார் அதற்கும். இவரும் எங்கள் முதலாளியும் ஒருவருக்கொருவர் ரொம்பப் பொருத்தம்.

ஃபேக்ஸ் அனுப்புகிற நாள் வந்தது. முதலில் அந்த மெஷினிலேயே ஒரு காப்பி எடுத்துப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் கருப்பாக வந்தன. மஞ்சள் வரவேயில்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளைத்தாள். மூன்று கோடு போட்ட படத்தில் இரண்டு கோடு.

கொண்டுபோய்க் காட்டினேன். "மெஷினு பழசு. டீலரெல்லாம் புதுசு வெச்சிருப்பாங்க," என்று உருண்டு போய்விட்டார்.

என் ஃபைலிலிருந்து ஒயர் வரிகளை மட்டும் ஒரு தாளில் எடுத்து, அந்தப் பக்கத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். முதலாளி கண்ணில் பட்டுவிட்டது. "இதென்ன மளிகைச் சீட்டு மாதிரி? கம்பெனி மானமே போயிரும்" என்று கசக்கிக் கூடையில் போட்டார். கூடையிலிருந்து நான் அதை எடுக்கவில்லை, அந்தப் பக்கத்தை மட்டும் எல்லா டீலருக்கும் அனுப்பினேன். மோட்டாரை மாட்டப்போகிறவன் யாரோ, எங்கேயோ இருக்கிறான். என் நாற்காலி எனக்கு என்று இருந்துவிட்டேன். மற்றவர்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு.

பத்து நாள் இருக்கும். மத்தியானம் முதலாளி வெளியே போயிருந்தார். போன் அடித்தது. பம்ப்செட் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் பிரிவிலிருந்து ஒருத்தர், குரலில் அறுபது வயது இருக்கும்.

"ஏனுங்க அம்மணி, மோட்டாருக்கு மூணு ஒயருங்க. உங்க பேப்பர்ல ரெண்டுதான் இருக்குது. மூணாவதை நாங்க எங்கீங்க கொண்டு போயி சொருகறது?"

நடந்ததை அவரே சொன்னார். மேட்டுப்பாளையத்தில் ஒரு வீட்டில் எலக்ட்ரீசியன் ஃபேக்ஸை வைத்துக்கொண்டு மாட்டியிருக்கிறான். தாளில் இரண்டு, கையில் மூன்று. தாள்தானே கம்பெனி கொடுத்தது? மிச்சமிருந்த மஞ்சள் ஒயருக்கு டேப் சுற்றி ஓரமாக விட்டுவிட்டான். சுவிட்ச் போட்டதும் மோட்டார் கிளம்பவில்லை, உள்ளே கிடந்து முனகியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உள்ளே சுற்றியிருந்த செம்புக் காயில் கருகிவிட்டது.

"இப்ப எல்லா டீலருக்கும் நான் போன்ல சொல்லியாகோணும். படத்தை போன்ல எப்படிங்க சொல்றது? ரெண்டு கோடு போகுதுங்க, மூணாவது கோடு கண்ணுக்குத் தெரியாதுங்கன்னா?"

"எழுதிக்கறீங்களாங்க?" என்று ஃபைலைத் திறந்தேன். வரி வரியாகப் படித்தேன். எந்த நிறம், எத்தனையாவது திருகு, கடைசியில் எச்சரிக்கை. அவர் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினார். ஒரு இடம்கூடத் தட்டவில்லை. போனில் போகும் என்று நினைத்து நான் அதை அடிக்கவே இல்லை. ஆனால் போய்விட்டது.

"இத்தனை தெளிவா வெச்சுக்கிட்டு, எதுக்குங்க அந்தக் கோலத்தை அனுப்பிச்சீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் சின்ன முதலாளி வந்தார். காகித ரீம் அடுக்குகிற பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் நான் இருந்தேன். மூச்சு விடாமல் கேட்டேன்.

"ஆபரேட்டர் பண்ணிப்போட்ட தப்புங்க," என்றார் முதலாளி. "படிக்காத புள்ளை, பாவம்னு வெச்சிருந்தேன். நேத்தே வேலைய உட்டு எடுத்துப்போட்டேனுங்க."

வேலை போனதை அப்படித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

"சரி. அப்ப போன்ல சொன்ன அந்த ஒயரிங் மேட்டரு? டீலரெல்லாம் அது நல்லா இருக்குதுங்கறாங்க."

"அதுங்களா? அது என்னோட சிஸ்டமுங்க. ஒருதடவை எழுதி வெச்சா அச்சு, சிடி, ஃபேக்ஸு, போனு, எங்க வேணும்னாலும் போகும். ரொம்ப நாளா நான் அப்படித்தான் செய்யறேன்."

நாற்காலி கிரீச்சென்று ஒரு சுற்று சுற்றியது.

சின்ன முதலாளி போனபின் நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கண்ணில் தண்ணி நிற்கவில்லை.

"எங்க போற?" என்றார் முதலாளி.

"எடுத்துப்போட்டீங்கல்லங்க சார்."

"அது பார்ட்டிக்குச் சொன்னது. நீ போயிட்டா ஃபைல யாரு பாக்கறது? அந்த கம்பெனி ஆளு வந்தா மட்டும் தடுப்புக்குப் பின்னால போயிக்க. அவ்வளவுதான்."

அதற்கப்புறம் எட்டு மாதம் நான் வேலையில் இல்லாதவளாக வேலை செய்தேன். படிக்கட்டில் அந்தக் கம்பெனி ஆள் செருப்புச் சத்தம் கேட்டால் தடுப்புக்குப் பின்னால் ஓடிப்போய் ரீம்மேல் உட்கார்ந்துகொள்வேன். வாசலில் 'ஒரே மூலம், ஐந்து வழி' என்று ஒரு போர்டு வந்தது. அதை அடித்ததும் நான்தான்.

ஒருநாள் மறதியில் போனை எடுத்துவிட்டேன்.

"இது அந்த அம்மணி குரலாச்சே," என்றார் டிஸ்பாட்ச்காரர். "உங்களைய வேலைய உட்டு எடுத்துட்டாங்கன்னு சின்னவரு சொன்னாருங்களே?"

"ஆமாங்க. எடுத்துட்டாங்க."

"அப்ப இப்ப பேசறது?"

"நான்தானுங்க."

அந்தப் பக்கம் சிரிப்பு, இருமலோடு சேர்ந்து. சிரித்து முடித்துவிட்டு, பம்ப்செட் கம்பெனியிலேயே இந்த வேலைக்கு ஒரு ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார். அவரே உள்ளே பேசுவதாகவும் சொன்னார்.

"நான் எட்டாவதுதானுங்க."

"மோட்டாரு ஓடுதான்னுதானுங்க இங்க கேப்பாங்க."

மறுநாளே அவர் உள்ளே பேசி முடித்துவிட்டார், நான்தான் மூன்று நாள் தூங்காமல் யோசித்தேன். அங்கே போய் ஒரு தப்பு நடந்தால்? பஸ் தவறினால்? பயப்படுகிறவர்களுக்கு எல்லா இடமும் ஒன்றுதான் என்று கடைசியில் தோன்றியது. திங்கட்கிழமை முதலாளியிடம் போய், நாளையிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

"நாளையில இருந்தா? ஏம்மா, ஒரு மாசம் முன்னாடி சொல்லோணும்னு தெரியாதா? முறைன்னு ஒண்ணு வேண்டாம்?"

"என்னைய நீங்க வேலைய உட்டு எடுத்து எட்டு மாசம் ஆச்சுங்க சார்," என்றேன்.

அவர் உருளவில்லை. கொஞ்சம் தணிந்த குரலில், "அந்த ஃபைலெல்லாம் எந்தப் பேருல வெச்சிருக்கறே?" என்று கேட்டார்.

ரொம்ப நாளாக அப்படித்தான் செய்கிறாராம். அவருடைய சிஸ்டமாம். ஃபைல் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.