பெயர் தேடித் திறந்த பத்திரிகை

எங்கள் பக்கத்து ஆட்கள் கல்யாணப் பத்திரிகையை மேலிருந்து வாசிப்பதில்லை. மாப்பிள்ளை யார், பெண் யார், எந்த மண்டபம் என்பதெல்லாம் பிறகு. கண் நேராகக் கீழே போகும். அங்கே பொடி எழுத்தில் சொந்தக்காரர்களின் பெயர்கள் இருக்கும். அதில் தன் பெயர் இருக்கிறதா, இருந்தால் எத்தனையாவது, தனக்கு முன்னால் போட்டிருக்கிற ஆள் உண்மையிலேயே தன்னைவிட மூத்தவன்தானா என்று பார்த்து முடித்த பிறகுதான் "ரொம்ப சந்தோசம்" என்கிற சொல் வாயிலிருந்து வரும். நானும் அப்படித்தான். கொஞ்சம் கூடுதலாகவே அப்படி.

என் மனைவியின் அண்ணன் மம்சாபுரத்தில் இருக்கிறார். அவருடைய மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போயிற்று. பிரஸ்காரர் செய்த தப்பு என்றார் மச்சான். நான் கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன். ஆனால் கோபமாகச் சாப்பிட்டேன். இப்போது இளைய மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. பத்திரிகை என்றைக்கு வரும் என்று நான் காத்திருந்தது அவருக்கும் தெரியும், என் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் தெரியும்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். பக்கவேலையாக எங்கள் திருச்சபைக்காரர்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பேன். கூலி கிடையாது, பேசி முடித்தால் ஒரு பிரியாணி. அதனால் என் போனில் நாற்பது பெண்களுடைய படங்கள் இருந்தன. படிப்பு, உயரம், வேலை, அப்பாவின் நம்பர் எல்லாமும் இருந்தன. "அம்பத்தோரு வயசு மனுசன் போன்ல இம்புட்டுப் பொம்பளப் பிள்ளைய படமா? போலீசு பிடிச்சா என்னய சாட்சிக்குக் கூப்பிடாதிய" என்பாள் என் மனைவி.

நாற்பதில் ஒன்று மற்றவை மாதிரி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிற பெண். கணவர் இறந்து நாலு வருடம். மாமியார் வீட்டில்தான் மகளோடு இருக்கிறாள். பத்து நாளைக்கு முன்பு அவள் தன் படத்தை அனுப்பி, கூடவே குரலிலும் பேசி அனுப்பியிருந்தாள். "அண்ணே, நீங்க சொன்ன ஆலங்குளத்து மாப்பிள்ளை எடத்தப் பத்தி யோசிச்சேன். பேசிப் பாருங்க. ஆனா யாருக்கும் தெரிய வேண்டாம். எங்க அத்தை காதுக்கு வேற ஆள் வழியாப் போச்சுன்னா, பொறவு அந்த வீட்ல நான் நிமிந்து நிக்க முடியாது. நேரம் பாத்து நானே சொல்லிக்கிடுதேன்."

நான் பதில் அனுப்பினேன்: "எம் போன்லேர்ந்து ஈ காக்கா வெளிய போகாதும்மா."

அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டீ வந்தது. கூடவே மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்பும் வந்தது. 'குடும்பத்துடன் வருக' என்று ஒரு வரி, கீழே பத்திரிகை என்று ஒரு கோப்பு. தட்டினேன். இது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, ஆபத்தாக இருக்கலாம் என்று போன் நல்ல தமிழில் சொன்னது. பிரஸ்காரர் பண்ணியது போதாதென்று இதுவும் என் பெயரை மறைக்கப் பார்க்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. அனுமதி என்று தட்டினேன். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா? அனுமதி. நம்பர்களைப் பார்க்கலாமா? அனுமதி. படங்கள்? அனுமதி, அனுமதி, சீக்கிரம் திற. அந்த வேகத்தில் வீட்டை எழுதித் தரக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஒன்றும் திறக்கவில்லை. வெள்ளையாக ஒரு திரை வந்தது, போயிற்று.

மச்சானைக் கூப்பிட்டேன்.

"மச்சான், பத்திரிகை திறக்க மாட்டேங்குது."

"எந்தப் பத்திரிகை? அது இன்னும் பிரஸ்லல்லா இருக்கு." பிறகு அலறினார். "ஏ மாப்ள, அதத் தொட்டுறாதிய! காலைலேர்ந்து எம் போன்லேர்ந்து அதுவா எல்லாருக்கும் போய்க்கிட்டிருக்கு. எவனோ எங்கேயோ உக்காந்துக்கிட்டு உள்ள பூந்துட்டானாம். திறந்திட்டியளா?"

"இல்ல மச்சான்" என்றேன். பிறகு, இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது, "பிரஸ்ல இருக்கிறதுல எம் பேரு இருக்கா?" என்று கேட்டேன்.

"இப்ப அதா முக்கியம்?" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நிமிடம் கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா கூப்பிட்டார். "அண்ணாச்சி, பத்திரிகை அனுப்பிருக்கியளே, எம் பிள்ளைக்கு எடம் அமைஞ்சிருச்சா?"

என் போனும் ஊருக்கெல்லாம் அதை அனுப்ப ஆரம்பித்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. "திறந்தியளா?" என்றேன்.

"இனிமேத்தான்."

"திறக்காதிய! திறக்கவே திறக்காதிய!"

"ஏன், பையன் சரியில்லையா?"

இன்னொருவர், "ஒம் மவன் பத்தாப்புதான படிக்கான், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று வருத்தப்பட்டார். வரன் பார்த்துக் கொடுக்கிறவனிடமிருந்து பத்திரிகை வந்தால் எந்தப் பெற்றோர்தான் திறக்காமல் இருப்பார்கள்? நாற்பது வீட்டிலும் பெருவிரல்கள் ஆவலோடு இறங்கிக்கொண்டிருப்பது என் கண்ணில் தெரிந்தது. என் போனுக்குள் எவனோ ஒருவன் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வருவதும், மருந்துக் கடைப் பெண்ணின் படத்தில் நிற்பதும், அவள் குரலைப் போட்டுக் கேட்பதும் தெரிந்தது. அவளுடைய மாமியாரும் எங்கள் சபைதான். அந்த அம்மாள் நம்பரும் இதே போனில்தான் இருந்தது.

போனை அணைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போது எனக்கும் தோன்றுகிறது. அப்போது நான் செய்தது, மேசையில் கிடந்த பேண்டேஜ் துணியை எடுத்துப் போனை நாலு சுற்றுச் சுற்றியது. ஏன் என்று என்னிடம் கேட்கக் கூடாது. கையில் துணிதான் இருந்தது.

பேக்கிங்கில் இருக்கிற மூத்த அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "என்ன சார், போனுக்கு எங்க அடிபட்டுச்சு?"

துணிக்குள்ளிருந்து போன் மறுபடியும் அடித்தது. எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தால் சிக்னல் போகாது என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகம் வந்தது. என் சாப்பாட்டு டப்பாவில் தயிர்ச்சோறு இருந்தது. பதினொன்றேகாலுக்கு, நின்றுகொண்டே, ஏதோ தண்டனை மாதிரி அதை அள்ளி விழுங்கினேன். டப்பாவை அலம்பி, துடைத்தேனா என்றுகூட நினைவில்லை, போனை உள்ளே போட்டு மூடினேன். டப்பா கனத்த குரலில் அடித்தது.

மருந்துக் கடைப் பெண்ணுக்கு முதலில் சொல்லியாக வேண்டும். அக்காவின் போனை வாங்கினேன். வாங்கிய பிறகுதான், எனக்கு ஒரு நம்பரும் மனப்பாடமில்லை என்பது தெரிந்தது. என் மனைவியின் நம்பர்கூட. எல்லாம் டப்பாவுக்குள் இருந்தன.

"சார், வீட்டுக்குப் போங்க. முகமே சரியில்ல" என்றாள் அக்கா. லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். மடியில் டப்பா. அரை மணி நேர வழிதான், ஆனால் அன்றைக்கு டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடும்ப விவகாரம் பேசிவிட்டு எடுத்தார். டப்பா அடிப்பதும் ஓய்வதுமாக வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்க சோறு கூப்பிடுது."

சிரிக்க முயன்றேன். ஊரைச் சிரிக்கவைத்தே காலம் தள்ளுகிறவன் நான். வாய் அகன்றதே தவிர சத்தம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. நடத்துகிற அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருப்பாள். டப்பாவைத் திறந்தாள். கட்டை அவிழ்த்தாள். மோந்து பார்த்தாள்.

"மோரா?"

"தயிர்."

"எங்கிட்ட எம்புட்டோ போன் வந்திருக்கு. தாளிக்காத கொறைதான் இதுக்கு." விமானப் படம் போட்ட பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள். போன் அடங்கியது. "அம்புட்டுதான். டப்பா வேண்டாம், கட்டு வேண்டாம். நெட்டு, சிக்னல் எல்லாம் போச்சு. இனி அவனால உள்ள ஒண்ணும் செய்ய முடியாது. இத ராஜபாளையத்துலயே செஞ்சிருக்கலாம்."

பிறகு அவள் அதை வேறு மாதிரி அணைத்துத் திறந்து, பட்டியலுக்குள் போய், படமே இல்லாமல் ஒளிந்திருந்த ஒன்றைக் கண்டுபிடித்தாள். "இந்தா இருக்காரு மாப்ள. இவருக்கு மெசேஜ் படிக்க, நம்பர் எடுக்க, படம் பாக்க எல்லாத்துக்கும் அனுமதி குடுத்திருக்கிய. யாரு குடுத்தது?"

"நான்தாம்மா."

"ஏன்?"

"எம் பேரு இருக்கான்னு பாக்க."

அவள் கண்ணாடியை இறக்கிப் போட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். அந்த அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதை நீக்கினாள். தன் கம்ப்யூட்டரில் என்னை உட்காரவைத்து மெயில் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னாள். போனில் நெட்டை மறுபடியும் போட்டு, வாட்ஸ்அப் வேறு எங்கேயாவது திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடினாள். இனி யாராவது என் நம்பரில் நுழையப் பார்த்தால் கேட்கிற மாதிரி ஆறு இலக்கத்தில் ஒரு எண் வைத்தாள். பேங்குக்கும் அவள் போனிலேயே பேசவைத்தாள். பேங்க் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசியாக, "இப்ப எல்லாருக்கும் ஒங்க வாயாலயே சொல்லி அனுப்புங்க" என்றாள். "நான் புத்திகெட்டுப்போய் திறந்திட்டேன், நீங்க திறக்காதிய" என்று பேசி எல்லோருக்கும் அனுப்பினேன். என் வாழ்க்கையில் உடனே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பேச்சு அதுதான்.

"படமெல்லாம் அவன்ட்ட போயிருக்குமா?" என்று கேட்டேன்.

"போயிருக்கலாம். போகாமயும் இருக்கலாம். பாதி பேரு பேங்க் மெசேஜுக்குத்தான் வாரான், படத்தச் சீண்டுறதில்ல. ஆனா தெரியாது."

"இல்லன்னு சொல்லும்மா."

"பொய்தான் வேணும்னா வேற கடைக்குப் போங்க."

மருந்துக் கடைக்கு நடந்து போகிற தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, சும்மா உஷாராக இரு என்று சொல்லலாம். சொல்லாமலே விட்டுவிடலாம். ஒன்றும் வெளியே வராமலே போகவும் வாய்ப்பிருக்கிறதே. கடை வாசலை இரண்டு தடவை கடந்து போனேன். மூன்றாவது தடவை அவளே பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, காய்ச்சலா? வேர்த்து ஊத்துது."

இருமல் மருந்து கேட்டு ஒருவர் நின்றிருந்தார். அவர் போகும்வரை சத்து மாவு டப்பாக்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் தேடியதை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். அதையும் சொன்னேன்.

அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். கை நின்றது.

"நான் பேசி அனுப்பினதும் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எங்க, காட்டுங்க."

காட்டினேன். "அழிங்க" என்றாள். அழித்தேன். அழித்தவை போய்த் தங்குகிற கூடையிலிருந்தும் அழிக்கவைத்தாள். இனி அங்கே அழித்து என்ன பயன் என்று இருவருக்கும் தெரியும்.

"பத்து நாளா நல்ல நேரம் பாத்துக்கிட்டிருந்தேண்ணே" என்றாள். "ஞாயித்துக்கெழம சொல்லலாம், அவியளுக்கு முட்டுவலி கொறையட்டும்னு. இனி எவன் வாயிலேர்ந்தும் அவிய கேக்க வேண்டாம். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிருதேன்."

என்னிடம் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. அதை விழுங்கினேன்; தயிர்ச்சோற்றைவிடக் கஷ்டமாக இறங்கியது.

அடுத்த இரண்டு நாளும் என் போன் டிங் என்றால் நெஞ்சும் டிங் என்றது. வீட்டில் உட்கார்ந்து நாற்பது பேருடைய படங்களையும் அழித்தேன். பெண்கள் மட்டுமா, மாப்பிள்ளைகளையும் அழித்தேன். அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கூப்பிட்டுக் கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவளுடைய மாமியார் என் முன்னால் வந்து நின்றார்.

"ஏய்யா, எம் மருமவளுக்கு எடம் பாக்கியாமே?"

"ஆமாம்மா" என்றேன், செருப்பைப் பார்த்து.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாயில்ல. ஊருக்கெல்லாம் பத்திரிகை அனுப்ப மட்டும் போன் இருக்கு." பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அன்னைக்கு அவ சொன்னா. சொல்லிட்டுச் சாப்பிடாமப் படுத்திட்டா. நானும் சாப்பிடல. எம் பிள்ளை எடத்துல இன்னொருத்தன்னா எனக்கு எப்படியிருக்கும்? காலைல நாந்தான் எந்திச்சு காபி போட்டேன். ரெண்டு பேருக்கும்." பிறகு, "சரி, எங்க, அந்தப் பையன் படத்தக் காட்டு" என்றார்.

"அழிச்சிட்டேம்மா."

"எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் போன் கடைக்காரம்மாளின் கண்ணாடி தெரிந்தது. "போய் வாங்கிட்டு வா. போன்ல வேண்டாம். கைல வச்சுப் பாக்க மாதிரி வாங்கிட்டு வா."

அன்று மத்தியானமே ஆலங்குளத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டில் காரணத்தைச் சொல்லி, எங்கேயோ மடித்து வைத்திருந்த ஒரு படத்தை வாங்கினேன். மறுபடியும் மடங்கிவிடக் கூடாதென்று, சட்டைப் பையில் வைக்காமல், கையோடு கொண்டுபோயிருந்த சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்தேன். இந்தத் தடவை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான்.

பஸ் பாதி வழி வந்திருக்கும்போது போன் டிங் என்றது. மச்சான். 'மாப்ள, இது நெசமாவே பத்திரிகை. பிரஸ்லேர்ந்து வந்திருச்சு' என்று எழுதி, கீழே ஒரு கோப்பு.

பெருவிரல் தானாக எழுந்தது. ஆனால் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. டப்பாவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. திறக்கவில்லை. ஊர் வந்து இறங்கியதும் அவரைக் கூப்பிட்டு, நேரில் கொண்டுவந்து தரச் சொன்னேன். எத்தனையாவது பெயர் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.