மிஷினுக்கு ஒரு தாலி

முத்தாயி அக்காவுக்கு ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாது. சிறுவயதிலேயே ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகுதான் அந்த வேலை நின்றது. அப்படிப்பட்டவருக்கு ரப்பர் பட்டால் கை வெடிக்கிறது. சவர்க்காரம் பட்டாலும் வெடிக்கிறது. கையைத் தண்ணீரில் போடக்கூடாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். தட்டுக் கழுவுவதுதான் தன் வேலை என்று அக்கா அவர்களிடம் சொல்லவில்லை.

எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது விருந்தினர் விடுதி. சிரம்பானில் இருக்கும் துஷ்யந்தி அம்மா வாங்கி நடத்துகிறார். எனக்குச் சமையல், அக்காவுக்குப் பாத்திரம். கடைசியாக இருந்த துரை விட்டுப்போன தட்டுக் கழுவும் மிஷின்தான் அக்காவின் கையைக் காப்பாற்றி வந்தது. கதவைச் சாத்தினால் மேடேறும் லாரி மாதிரி உறுமும். ஆனாலும் கழுவும்.

தீபாவளிக்குப் பிறகு அதன் அடியில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. அக்கா தினமும் முட்டி போட்டு, பால் டின்னால் மொண்டு வாளியில் ஊற்றுவார். சல்லடையைக் கழற்றிக் கடுகையும் கறிவேப்பிலை ஈர்க்கையும் பொறுக்குவார். மறுநாளும் தண்ணீர் நிற்கும். மிச்சத் தட்டுகளைக் கையாலேயே கழுவினார். விரல் இடுக்குகளில் ரத்தம் கசிந்தது. என்னிடம் காட்டவில்லை, நானாகப் பார்த்தேன்.

துஷ்யந்தி அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

“சனிக்கிழமை கெஸ்ட் வராங்க ஆன்ட்டி. அதுக்குள்ள சரியாகலன்னா பழைய இரும்பு லாரிக்குப் போட்டுடலாம். நீங்க ரெண்டு பேரும் கையிலயே கழுவிக்கலாம், ஓகே?”

“சரிம்மா” என்றார் அக்கா. கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

லுக்குட்டிலிருந்து நல்லசாமி மோட்டார் சைக்கிளில் வந்தார். துணி துவைக்கும் மிஷின் ரிப்பேர் செய்பவர். பம்பைக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். ஓட்டிப் பார்த்தபோது தண்ணீர் கடகடவென்று போனது.

“சரியாயிருச்சு லா” என்று தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்.

நான் அதற்குள் அரிசி களைந்து தண்ணீரைப் பக்கத்திலிருந்த பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன். அக்கா மிஷின் கதவைத் திறந்தார். அடியில் மறுபடி தண்ணீர்.

நல்லசாமி தலையைச் சொறிந்தார். “பம்பு ரோசாக் ஆயிருக்கும்க்கா, கெட்டுப்போச்சு. இந்தக் கெழத்துக்கு இனிமே சாமான் கெடைக்காது. விட்டுருங்க.”

அக்கா எழுந்திருக்கவில்லை. குனிந்து பார்த்தபடியே இருந்தார். ஒரு விரலை விட்டு எடுத்து முகர்ந்தார்.

“தம்பி, இது கழனித்தண்ணி.”

“என்னக்கா?”

“வெள்ளையா இருக்கு பாரு. அரிசி கழுவுன தண்ணி. இதுக்குள்ள யாரு சோறாக்குனா?”

நல்லசாமி கோப்பையை வைத்துவிட்டுத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். தொட்டிக் குழாயோடு சேரும் மிஷினின் கழிவுக் குழாய் தரையில் படுத்துக் கிடந்தது. அது முதலில் மேலே ஏறிப் பிறகு இறங்க வேண்டுமாம். இல்லாவிட்டால் தொட்டியில் கொட்டுவதெல்லாம் மிஷினுக்குள் திரும்பி வருமாம். குழாயைத் தூக்கிக் கட்டியிருந்த நைலான் கயிற்றின் நுனி மட்டும் ஆணியில் தொங்கியது.

“யாருக்கா இந்தத் தாலிய அறுத்தது?”

மலாய்க்காரர்கள் கயிற்றைத் தாலி என்பார்கள். நல்லசாமி பட்டறையில் பேசுகிற பழக்கத்தில் சொல்லிவிட்டார். அக்கா வெறுங்கழுத்தோடு இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“ஐயோ, கயித்தச் சொன்னேன்க்கா!”

“நான்தான் அறுத்தேன். தீவாளிக்கு ஒட்டடை அடிக்கையில அழுக்கா தொங்குச்சு, கத்தியால அறுத்துட்டேன்.” அக்கா சுவரில் சாய்ந்தார். “எனக்கு ஊரே கூடி அறுத்தாங்க. இதுக்கு நான் ஒருத்தியே போதும்னு ஆயிருச்சு.”

நாங்கள் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றோம். அக்காவே சிரித்தார். அப்புறம் புதுக்கயிறு எடுத்துக் கொடுத்தார்.

“மூணு முடிச்சாப் போடு. அப்பத்தான் நிக்கும்.”

“என் பொண்டாட்டி காதுல விழுந்தா நான் வீட்டுக்குப் போக முடியாது லா!”

மறுபடி அரிசித் தண்ணீரைக் கொட்டினேன். மிஷினுக்குள் வரவில்லை.

துஷ்யந்தி அம்மாவுக்குப் போன் செய்தோம். ஸ்பீக்கரில் அவர் குரல் சந்தோஷமாக இருந்தது.

“சூப்பர் ஆன்ட்டி! அப்ப ஞாயித்துக்கிழமை லஞ்சுக்கும் ஆள் எடுத்துடறேன். அம்பது பேர்தான். மிஷின்தானே கழுவப்போகுது.”

அக்கா போன் பக்கம் குனிந்தார். “சரிம்மா.”

தட்டை வழிப்பது, அடுக்குவது, எடுப்பது, துடைப்பது எதையும் மிஷின் செய்யாது. அதை நானும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலத் தட்டுகளை உள்ளே அடுக்கிவிட்டு அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வெடித்த கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. காய்ந்திருந்தன. மிஷின் உறுமியது.

“வீட்டுக்குப் போகலாமாக்கா?”

“இரு. தண்ணி முழுக்கப் போகட்டும்.”